இருபத்தைந்தாவது தலை

அத்தியாயம் பதினான்கு

ஞாயிறு விடிந்தபோது மேர்சிக்குப் பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய நாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஐந்து மணிக்கு எழும்பி, நனைந்த பாய்கள் மூன்றை வேலியில் காயப் போட்டு, பிள்ளைகளைக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தி, பல்லுக்குக் கரித்தூள் பங்கிட்டுக் கொடுத்து முடிப்பதற்குள் ஏழு மணியாகிவிட்டது. பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன வாரம் ஹெக்டர் சைக்கிளில் வந்து கடிதத்தைக் காட்டிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். சிறுவர் பராமரிப்பு இலாகா ஐயா ஞாயிறு காலை வருகிறார். இல்லத்தைப் பார்வையிடுவார். பதினாறு வயது முடியப் போகும் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எமிலி.

எமிலி, இல்லத்துப் பிள்ளைகளைப் பராமரிக்கும் மேற்றன் மேர்சியின் சொந்த மகள். தபீத்தாள் அநாதை இல்லத்தில் அது மூன்று பேருக்குத்தான் தெரியும். எமிலியையும் சேர்த்தால் நாலு. இல்லத்தை நடத்தும் கொமிற்றியில் மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்துவிடுமோ என்று அவர்கள் கேட்காமலே இருந்தார்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் கிரான் பக்கத்தில் மேர்சியின் புருசன் அல்பேட் அள்ளுண்டு போனான். அவனுடைய தமையன்தான் ஹெக்டர். இளைப்பாறிய தலைமை ஆசிரியர், இல்லத்தின் செக்கிறற்றி, அதாவது செயலாளர். மூன்று வருடம் பார்த்துவிட்டு, தம்பியின் விதவைக்கு மேற்றன் வேலையை எடுத்துக் கொடுத்தார். வாவிக் கரையில் ஓட்டுக் கட்டடம், கிணறு, ஏழு தென்னை. இருபத்திநாலு பிள்ளைகள்.

அரசாங்க உதவிப்பணம் கிடைக்க இருபத்தைந்து பேர் இருக்க வேண்டும்.

“ஒரு தலை குறையுது மேர்சி” என்றார் ஹெக்டர். அப்போது ஏழு வயது எமிலி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேற்றனுக்குக் குடும்பப் பாரம் இருக்கக் கூடாது என்றது ஒரு விதி. இல்லத்தில் சேர்க்கும் பிள்ளைக்குத் தாய் இருக்கக் கூடாது என்றது இன்னொன்று. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருக்க ஒரு வழிதான் இருந்தது. ஹெக்டர் தன் அழகான எழுத்தில் பிள்ளைகளின் பெயர்ப் பதிவான இடாப்பில் எழுதினார். எமிலி. வயது ஏழு. தந்தை: இறந்துவிட்டார். தாய்: இல்லை.

“இறந்துவிட்டார் எண்டு எழுதல்ல பாத்தியா. இல்லை எண்டுதான் எழுதியிருக்கன்” என்று அவர் ஆறுதல் சொன்னார். வாத்தியார் அல்லவா, சொல்லுக்குச் சொல் வித்தியாசம் தெரிந்தவர்.

அன்று பின்னேரம் மேர்சி மகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், “இனி என்ன அம்மா எண்டு கூப்பிடாத. மேற்றன் எண்டு கூப்பிடு” என்றாள். பிள்ளை ஒரே நாளில் பாடமாக்கிக்கொண்டது. மற்ற இருபத்திநாலு பேரும் மேர்சியை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்றன் என்று கூப்பிடுகிறவள் எமிலி ஒருத்திதான்.

அது நடந்து ஒன்பது வருடம்.

இன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அறுபத்தாறாம் ஆண்டிலிருந்து ஞாயிறு வேலைநாள், சந்திரன் பார்த்து வருகிற போயாதான் விடுமுறை. அலுவல் பார்க்கிற கந்தோர், பள்ளிக்கூடம் எல்லாம் ஞாயிறிலும் நடக்கும். ஆனால் இலாகா ஐயா வருகிற நாளில் தலைகள் எல்லாம் வளவுக்குள் இருக்க வேண்டும். அரசாங்கம் ஞாயிறை எடுத்துவிட்டுப் போயாவைக் கொடுத்தபோது ஊரே அதைப் பற்றிக் கதைத்தது. மேர்சி கதைக்கவில்லை. அவளுக்கு முந்தியும் ஞாயிறு இருக்கவில்லை, பிந்தியும் போயா இருக்கவில்லை.

வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகச் சீவினாள். பேன் சீப்பு, எண்ணெய், ரிப்பன். கடைசியாக எமிலி வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நீளமான, அடர்த்தியான முடி. அல்பேட்டின் தாய்க்கும் அப்படித்தான்.

மேர்சி மற்றவர்களுக்கு இழுத்த அளவே இழுத்தாள். மற்றவர்களுக்குப் போட்ட முடிச்சே போட்டாள். ஒன்பது வருடமாக மகளுக்கு ஒரு பிடி கூடவும் செய்ததில்லை, குறையவும் செய்ததில்லை. முதலில் அது கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதும் உள்ளே ஏதோ ஒன்று மரத்துப் போய்விட்டது. அது எப்போது நடந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

“இறுக்கமா இரிக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல மேற்றன்.”

குசினியில் சமையல்காரி கண்ணகை ஒற்றைக் கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கை வரை துணிச் சுற்று. போன வெள்ளிக்கிழமை சோற்றுக் கிடாரத்தைத் தனியாக இறக்கியபோது கஞ்சி கவிழ்ந்தது. இருபத்தைந்து பேருக்கு ஆக்குகிற கிடாரத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். இரண்டாவது ஆள் மேர்சிதான். அன்று மேர்சி காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றுடன் தன்னாமுனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாள்.

“என்ன புள்ள, இண்டைக்கும் வாய மூடிக்கிட்டுத்தான் நிக்கப் போறியா?” என்றாள் கண்ணகை.

“உதவிக்கு ஆள் கேட்டு எழுதியிரிக்கம் அக்கா. மனுவ ஹெக்டர் அத்தான் கொண்டு வாறார்.”

“நான் அதையா கேட்டன்? ஆள் தர மாட்டாங்க. ஒங்கட அத்தான்தானே சொன்னவர், இலாகா தலைக்குத்தான் குடுக்கும், கைக்குக் குடுக்காதெண்டு.” தன் துணிச் சுற்றைத் தூக்கிக் காட்டினாள். “நான் எமிலியக் கேக்கிறன்.”

மேர்சி துருவிய தேங்காயைச் சட்டியில் அள்ளினாள்.

“ரெண்டு வருசம் பயிற்சிக்குப் போகும். பொறகு வந்திரும்.”

“எங்க வரும்? பதினாறு முடிஞ்சா இஞ்ச சேக்க மாட்டாங்க. ஒனக்கெண்டு ஒரு வீடிரிக்கா, ஒரு வளவிரிக்கா? ராவைக்கும் இந்த ஹோலுக்குள்ளதானே கிடக்கிறாய். வந்தா எந்த வாசல்ல வந்து நிக்கும்?”

இதை மேர்சி யோசிக்காமல் இல்லை. யோசிக்கத் தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை அம்மா என்று கூப்பிட்டுவிடும்.

“சொல்லிப்போடு புள்ள” என்றாள் கண்ணகை, இந்தத் தடவை மெதுவாக. “என்ட புள்ள எண்டு சொல்லு. வாறது வரட்டும்.”

“சொன்னா உதவிப்பணம் நிண்டிரும் அக்கா. மத்த இருவத்திநாலும் எங்க போகும்?”

கண்ணகை துருவலையை நகர்த்தி வைத்தாள்.

ஒன்பது மணிக்கு ஹெக்டர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, அதன் காலில் சைக்கிள் கிளிப், தலையில் தொப்பி. கச்சான் காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. வாவிப் பக்கமிருந்து மணல் வாரி அடித்தது.

“மேர்சி, இதப் பார்” என்று மனுவை நீட்டினார். “போன தரம் ‘சம்பளம்’ எண்டு எழுதினது பிழை. சம்பளம் எண்டா வேலையாள். வேலையாள் எண்டா எத்தனை மணித்தியாலம், லீவு எவ்வளவு, சேமலாப நிதி எங்க எண்டு கேள்வி வரும். அதுக்கெல்லாம் இலாகா காசு தராது. அதால இப்ப தொண்டர் எண்டு போட்டிருக்கன். ‘மேலதிகத் தொண்டர் ஒருவருக்கான படி.’ எப்பிடி?”

“நல்லா இரிக்கி அத்தான்.”

“நீயும் தொண்டர்தான், கண்ணகையும் தொண்டர்தான். ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்ல வேணும்.”

“நாங்க வேலைதானே செய்றம்.”

“அது எனக்குத் தெரியாதா? நானும் சும்மாதானே செய்றன்.” அது உண்மைதான். ஹெக்டர் இந்த இல்லத்திலிருந்து ஒரு சதம் எடுத்ததில்லை. தன் பென்சனிலிருந்து சவர்க்காரம் வாங்கிப் போடுகிற ஆள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாதது மேர்சிக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

“அத்தான், எமிலி...”

“அதப்பத்தி நீ வாயே திறக்காத. அவ போனா அந்த இடத்துக்கு வேற புள்ள ஒண்டு வர இருக்கு, தலை குறையாது.” குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வருசம். சாப்பாடு, படுக்க இடம், கையில ஒரு தொழில். நீ தாயா இருந்து இதக் குடுப்பியா?”

எதிலிருந்து கொடுப்பது?

பத்தரைக்கு டவுனில் உள்ள மாவட்ட அரசாங்கக் கச்சேரியின் ஜீப் வந்தது. இலாகா ஐயா அப்துல் கபூர் ஐம்பது வயதுக்காரர், காத்தான்குடி ஆள். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. சிடுசிடுப்பு இல்லாதவர். பிள்ளைகளைப் பார்த்ததும் பையிலிருந்து இனிப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

இருபத்தைந்து பேரும் வரிசையாக நின்றார்கள். இடாப்பைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆளுக்கொரு இனிப்புக் கொடுத்து எண்ணினார். கடைசி இனிப்பு எமிலியின் கையில் விழுந்தது.

“இருவத்தஞ்சு. சரி” என்றார்.

ஹோலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன கைக்கு?”

“கஞ்சி ஊத்துண்டு போச்சி ஐயா” என்றாள் கண்ணகை.

“மருந்து போட்டீங்களா? கவனமா இருங்க.” உண்மையாகவே வருத்தப்பட்டார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. சமைக்கிறவளின் கைக்குக் கட்டம் இருக்கவில்லை. பேனையை மூடினார்.

கந்தோர் அறையில் மூன்று கதிரை போட்டிருந்தது. மேர்சி நின்றாள். கபூர் ஐயா அவளை உட்காரச் சொன்னார். பகலில் கதிரையில் உட்கார்ந்து எத்தனை நாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

“மனுவப் பாத்தன். நீங்க ஒரு ஆள்தான் ராப்பகலா இருக்கிறீங்க. கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?”

மேர்சி யோசித்தாள். “லீவா சேர்? அறுபத்தஞ்சில ஒரு நாள். பல்லுப் புடுங்க ஆஸ்பத்திரிக்குப் போன.”

கபூர் ஐயா சிரிக்கப் பார்த்து, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

“சரி. முதல்ல இந்தப் புள்ளட விசயத்த முடிப்பம்.” நீல நிறக் கோப்பைத் திறந்தார். “கொழும்புக்கு அங்கால தையல் பயிற்சி நிலையம் ஒண்டில இடமிருக்கு. வாற மாசம் முதலாந் திகதி ரயிலேத்தி விடலாம். உறவினர் சம்மதம் வேணும். ஆனா இவவுக்கு ஆருமில்ல எண்டு இருக்கு. அப்ப மேற்றன் கையெழுத்துக் காணும்.”

தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். கச்சிதமாகத் தட்டச்சு அடித்திருந்தது. ‘மேற்குறித்த சிறுமிக்குத் தாயோ உறவினரோ எவருமில்லை என நான் அறிந்தவரையில் உறுதிப்படுத்துகிறேன்.’

மேர்சி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். ஒன்பது வருடமாக அந்த வசனம் ஹெக்டரின் எழுத்தில் இருந்தது. இப்போது அவளுடைய கையெழுத்தைக் கேட்டது.

பேனையை எடுத்தாள். வைத்தாள்.

“அவ என்ட புள்ள, சேர்.”

அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பக்கத்துக் கதிரையில் ஹெக்டர் மூச்சு விடுவதை நிறுத்தினார்.

கபூர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கைலேஞ்சியால் துடைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“விளங்குது மேற்றனம்மா” என்றார். “எங்கட உம்மாவும் இப்பிடித்தான். அயல் வீட்டுப் புள்ள ஒண்ட வளத்தா. கலியாணம் முடிச்சுக் குடுக்கிற அண்டைக்கு, என்ட புள்ள, தர மாட்டன் எண்டு கதவப் பூட்டிப்போட்டா. பெத்தாத்தானா புள்ள? இருவத்தஞ்சும் உங்கட புள்ளையள்தான்.”

“இல்ல சேர்.” மேர்சி தலையை ஆட்டினாள். “எமிலி என்ட புள்ள.”

“ஓம், ஓம். ஒண்டுல மட்டும் ஈரம் கொஞ்சம் கூடுதலா இருக்கும். அது இயற்கை.”

ஹெக்டருக்கு உயிர் வந்தது. முன்னால் சாய்ந்தார். “எங்கட மேற்றன் அப்பிடித்தான் சேர். தாயுள்ளம். எந்தப் புள்ள வெளிக்கிட்டாலும் இதே கதைதான்.”

மேர்சி அவரைப் பார்த்தாள். அவர் கண் பேனையில் இருந்தது.

அந்த நேரம் எமிலி தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்தாள். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. தேநீரில் ஆவி பறக்கவில்லை. ஐயாவுக்கு ஒன்று, ஹெக்டருக்கு ஒன்று வைத்தாள். மூன்றாவது கோப்பையை மேர்சியின் முன்னால் வைத்தாள். ஒன்பது வருடத்தில் கந்தோர் அறையில் மேர்சிக்குத் தேநீர் வந்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, தேத்தண்ணி” என்றாள்.

மேர்சியின் காதில் அது விழுந்தது. ஏழு வயதுக் குரல் இல்லை அது. வளர்ந்த பெண்ணின் குரல். இந்தக் குரலில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

கபூர் ஐயா மலர்ந்து போனார். “பாத்தீங்களா செக்கிறற்றி! அம்மா எண்டுதான் கூப்பிடுது. வேற இல்லங்கள்ல இதெல்லாம் காணக் கிடைக்காது.” பிறகு மேர்சியிடம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். “கையெழுத்த வையுங்க. அந்தப் புள்ள நல்லா வரும்.”

இருபத்திநாலு பிள்ளைகளும் முற்றத்தில் இனிப்பைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். ஹெக்டர் பேனையை அவள் பக்கம் நகர்த்தினார். எமிலி தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேர்சியின் கை பேனையை எடுத்தது. மாதாமாதம் இடாப்பின் அடியில் கையெழுத்து வைத்துப் பழகிய கை அது. யாரையும் கேட்காமல் எழுதி முடித்தது.

எமிலி கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போனாள்.

“இன்னொண்டு” என்றார் கபூர் ஐயா எழும்பும்போது. “இவட பிறப்புப் பத்திரம் நிலையத்துக்கு வேணும். ரெண்டு கிழமைக்குள்ள அனுப்புங்க. அவசரமெண்டா இண்டைக்கே தரலாம். ஞாயிறும் கந்தோர்தானே, நாலு மணி வரைக்கும் கச்சேரியில இருப்பன்.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஹெக்டர் பார்வையாளர் குறிப்பேட்டைத் திறந்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“‘பிள்ளைகள் சுத்தமாகவும் மகிழ்ச்சியாகவும் உள்ளனர். மேற்றன் பிள்ளைகளைத் தன் வயிற்றில் பிறந்தவர்களாகவே கருதுவதை நேரில் கண்டேன். இத்தகைய தொண்டுள்ளம் உள்ள இடத்தில் மேலதிக ஆள் அவசியமென எனக்குத் தோன்றவில்லை. உதவிப்பணத்தைத் தொடருமாறு சிபாரிசு செய்கிறேன்.’ கண்டியா? தொடருமாறு!”

“ஆள் இல்லையாம்” என்றாள் மேர்சி.

“அடுத்த வருசம் பாப்பம்.”

“என்ட புள்ள எண்டு சொன்னதுக்குத்தான் ஆள் இல்லையாம்.”

ஹெக்டர் குறிப்பேட்டை மூடினார்.

“அத்தான், நீங்க ஏன் நடுவில கதைச்சீங்க?”

“நான் கதைக்காட்டி இண்டைக்கு இருபத்தஞ்சும் ரோட்டில. எனக்கும் உனக்கும் கோட்டில வழக்கு.” தொப்பியை எடுத்தார். “எனக்கு மட்டும் அவ ஆர்? அல்பேட்ட மகள். அவன்ட முகம் அப்பிடியே இருக்கு. நான் அவளப் பாக்கிறதே இல்ல, உனக்குத் தெரியுமா?”

அது மேர்சிக்குத் தெரியாது.

“பிறப்புப் பத்திரம் உன்ட பெட்டிக்குள்ளதானே?” என்றார். “அதில உன்ட பேர் இருக்கு. அது இலாகாவுக்குப் போகப்படாது. எடுத்து அடுப்பில போடு. துலைஞ்சு போச்செண்டு எழுதி, டொக்டரிட்ட வயசுக்கு ஒரு கடிதம் எடுக்கிறன்.”

குனிந்து சைக்கிள் கிளிப்பைப் போட்டார். அது இரண்டு தடவை கழன்று விழுந்தது. மேர்சி குனிந்து போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வார் போட்டுவிடுகிற அதே கைப்பழக்கம்.

அவருடைய சைக்கிள் வாசல் படலையைத் தாண்டியதும் ஹோலுக்குப் போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சேலை. அல்பேட்டின் படம். கலியாணத்துக்குப் போட்ட வெள்ளைக் கையுறை. அடியில் பத்திரம் வைத்திருந்த பழைய விசுக்கோத்துத் தகரப் பேணி. பேணிக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் பதறவில்லை. பேணியை மூடினாள், பெட்டியைப் பூட்டினாள், கிணற்றடிக்கு நடந்தாள்.

எமிலி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேர்சியின் கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது. அதை அவள் ஊற்றவில்லை, கல்லின் மேல் தனியாக வைத்திருந்தாள்.

“பேணிக்குள்ள ஒரு கடதாசி இரிந்த.”

“ஓம்.”

“நீயா எடுத்த?”

“நாலு வருசமாச்சி. பைபிளுக்குள்ள வச்சிரிக்கன்.”

“என்னத்துக்கு?”

எமிலி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “பேரப் பாக்க. இடாப்பில தாய் இல்லை எண்டு கிடக்கு. இதில தாயிட பேர் எண்டு ஒரு கோடு போட்டிரிக்கி. அதில ஆளிரிக்கி.”

வாவிக் காற்று வேலியில் கிடந்த பாய்களை அடித்தது. மேர்சிக்கு அழுகை வர வேண்டும் போலிருந்தது. வரவில்லை.

“நான் சொன்னன் எமிலி. ரெண்டு தரம் சொன்னன்.”

“கேட்டுக்கிட்டுத்தான் நிண்டன்.” ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். “நானும் சொன்னன். ஒரு தரம்.”

“அவருக்கு விளங்கல்ல.”

“ஓம். வாயால சொன்னா விளங்கல்ல. கடதாசி எண்டா விளங்கும்.”

மேர்சி மகளின் முகத்தைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிற நேரத்துக்கு மேல் அவளைப் பார்க்காமலே பழகியிருந்தாள். இப்போது பார்த்தாள். நெற்றியோரம் சின்னத் தழும்பு ஒன்று. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை.

“நான் கையெழுத்து வச்சிட்டன்.”

“கண்டன்.”

“செக்கிறற்றி ஐயா அந்தக் கடதாசிய எரிக்கச் சொல்றார்.”

“பெரியப்பா” என்று திருத்தினாள் எமிலி. “நீங்க என்ன சொல்றீங்க?”

எரி என்று சொன்னால் இருபத்திநாலு பிள்ளைகளுக்கும் நாளைக்குச் சோறு உண்டு. கொடு என்று சொன்னால் இவளுக்கு ஒரு தாய் உண்டு, இருவருக்கும் போக இடம் இல்லை. மேர்சி வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அம்மா! பீற்றிஸ் என்ட இனிப்பப் பறிக்கிறாள்! அம்மா!”

ஹோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. மேர்சி திரும்பினாள். திரும்ப வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகிய உடம்பு, தானாகவே திரும்பியது.

உள்ளே போய்ச் சண்டையைத் தீர்த்தாள். ஒருத்திக்கு மூக்குச் சிந்திவிட்டாள். கிடாரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக் கண்ணகையோடு சோற்றை இறக்கினாள். சாப்பாட்டு மணியை அடித்தாள்.

பிள்ளைகள் பீங்கான் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வழக்கம்போல எண்ணினாள். இருபத்திநாலு.

மறுபடியும், இந்தத் தடவை ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். இருபத்திநாலு.

கல்லின் மேல் இருந்த கோப்பை அங்கேயே இருந்தது. படலை திறந்து கிடந்தது. தன்னாமுனைச் சந்தியில் டவுன் பஸ் ஹோர்ன் அடித்து நிற்பதும், மறுபடி கிளம்புவதும் காற்றில் தெளிவாகக் கேட்டது. மணி ஒன்றேகால். கச்சேரி நாலு மணி வரைக்கும்.

காலையிலிருந்து வராத பயம் அப்போதுதான் வந்தது. போனவள் கடதாசியைக் கொடுக்கப் போனாளா, கடதாசியோடு எங்கேயாவது தொலையப் போனாளா?

“என்ன புள்ள?” என்றாள் கண்ணகை, அகப்பையை நிறுத்தி. “எத்தின பீங்கான் போடட்டும்?”

“ஒரு தலை குறையுது அக்கா.”

கண்ணகை வரிசையைப் பார்த்தாள். திறந்து கிடந்த படலையைப் பார்த்தாள்.

“அப்ப இருவத்திநாலா?”

“இல்ல. இருவத்தஞ்சு போடுங்க.”

மேர்சி தானே ஒரு பீங்கானை எடுத்தாள். சோறு போட்டு, குழம்பை ஓரமாக விட்டு, கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். மேலே இன்னொரு பீங்கானைக் கவிழ்த்து மூடி, எறும்பு வராத உயரமான பலகைத் தட்டில் வைத்தாள்.

“அது ஆருக்கம்மா?” என்று வரிசையிலிருந்த சின்னப் பிள்ளை கேட்டது.

“என்ட மகளுக்கு” என்றாள் மேர்சி.

ஒன்பது வருடத்தில் அவள் எமிலிக்கென்று எடுத்து வைத்த முதல் சோறு அது.